இருவராகப் புலம்பெயர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் மனைவியும் வெளிநாட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. வேலை கிடைத்தது அவளுக்கு. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். கிளம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கும் இளம் ஜோடிகள் எங்களுக்குப் போன் செய்தால் பத்து நிமிடம் அவளிடம் பேசுகிறார்கள், அப்புறம் ஒரு மணி நேரம் என்னிடம். கேள்விகள் பெரும்பாலும் அதேதான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். விசா விதிகள் அடிக்கடி மாறும். இதில் இருப்பது 2025 வரையிலான நிலவரம். எங்கேயும் பணம் கட்டும் முன் அந்த நாட்டு அரசின் குடிவரவுத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெளிநாடு போகலாம்னு ஒரு யோசனை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

நாட்டைத் தேடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஆளுக்கு ஒரு தாள் எடுத்துக்கொண்டு, தனித்தனியாக உட்கார்ந்து, எதற்காகப் போக வேண்டும் என்று ஐந்து வரி எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் தாள்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டிலும் முதல் வரி பணம், அதில் சண்டை இல்லை. இரண்டாவது வரியில் அவள் "என் துறையில் பெரிய பொறுப்பு" என்று எழுதியிருந்தாள். நான் "சாயங்காலம் ஆறு மணிக்கு இருவரும் வீட்டில் இருப்பது" என்று எழுதியிருந்தேன். அவளுடைய வரி மூன்றே வருடத்தில் நடந்துவிட்டது. என்னுடையது நடக்காமல் போனதற்குக் காரணமும் அதுதான். அதுவரை இருவரும் "நல்ல வாழ்க்கை" என்று ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

எந்த நாடு நல்ல நாடு?

யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் நாடுகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும். கனடாவும் ஆஸ்திரேலியாவும் வயது, படிப்பு, மொழி, அனுபவத்துக்குப் புள்ளி போட்டு நிரந்தரமாகத் தங்கவே ஆளெடுக்கின்றன. ஜெர்மனி, பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா போன்றவற்றில் பெரும்பாலும் வேலை முதலில், தங்கும் உரிமை பிறகு. வளைகுடா நாடுகளில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தங்கும் அனுமதி வேலையோடு கட்டிப்போட்டது, வேலை போனால் அதுவும் போகும்.

சில வருடம் சம்பாதித்துவிட்டுத் திரும்புவதுதான் எண்ணம் என்றால் மூன்றாம் வகையில் ஒரு குறையும் இல்லை. அங்கேயே வேரூன்ற நினைப்பவர்கள்தான் வகை தெரியாமல் போய்ப் பத்து வருடம் கழித்து முழிக்கிறார்கள்.

வேலை விசா, பி.ஆர்., குடியுரிமை எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதானே?

இல்லை. வேலை விசா ஒரு முதலாளியையோ ஒரு காலக்கெடுவையோ நம்பியிருப்பது. பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, இருந்தால் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், வேலை போனாலும் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம். ஆனால் அதற்கும் நிபந்தனை உண்டு. கனடாவில் ஒவ்வொரு 5 வருடத்திலும் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். ஓட்டும் பாஸ்போர்ட்டும் குடியுரிமையோடுதான் வரும். அதை வாங்கினால் பழைய குடியுரிமை போய்விடுமா என்பது இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது.

ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக ஆகும் காலம்தான் நாடுகளுக்குள் பெரிய வித்தியாசம். ஜெர்மனியில் ப்ளூ கார்டு (உயர்திறன் வேலைக்கான அனுமதி) வைத்திருப்பவர் பி1 அளவுக்கு, அதாவது நடுத்தரமாக, ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்திலும், ஏ1 என்ற ஆரம்ப அளவு மட்டும் தெரிந்தால் 27 மாதத்திலும் நிரந்தர அனுமதி கேட்கலாம். பிரிட்டனில் திறன் பணியாளர் விசாவுக்கு 5 வருடம். அதைப் பொதுவாக 10 ஆக்கும் திட்டத்தை அரசு 2025-இல் முன்வைத்தது. அமெரிக்காவில் கதையே வேறு. வேலைவழி கிரீன் கார்டில் (அமெரிக்க பி.ஆர்.) ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு வருடத்து மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது, அதனால் சில நாட்டுக்காரர்களின் வரிசை பல வருடம் நீள்கிறது. இதில் ஜோடிகள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: கணவனும் மனைவியும் வேறு வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவரில் யாருடைய நாட்டு வரிசை குட்டையோ அதில் நிற்க வழி இருக்கிறது.

எங்க ரெண்டு பேர்ல யார் பேர்ல போடணும்?

பலர் யோசிக்காமலே ஒருவர் பெயரில் போட்டுவிடுகிறார்கள், பெரும்பாலும் கணவன் பெயரில். இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மாலை நேர வேலைதான். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறையில் தனியாளுக்கு அடிப்படைப் புள்ளி 500 வரை. துணையோடு போனால் முதன்மை விண்ணப்பதாரருக்கு 460, மீதி 40 துணையின் மொழி, படிப்பு, கனடா அனுபவத்துக்கு. துணை மொழித் தேர்வே எழுதவில்லை என்றால் அதில் 20 சும்மா போகிறது. வயதுக்கு 29 வரை முழுப் புள்ளி. 30-இலிருந்து 40 வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 5 குறையும், 45-இல் பூஜ்யம். அதனால் இருவரில் இளையவர் பெயரில் போடுவது சில சமயம் கணக்கையே மாற்றிவிடும்.

ஆஸ்திரேலியாவில் 25 முதல் 32 வயது வரை உச்சப் புள்ளி. துணைக்கும் தகுதியான தொழிலும் ஆங்கிலமும் இருந்தால் 10, ஆங்கிலம் மட்டும் என்றால் 5, இரண்டும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. இதில் வேடிக்கை, தனியாளுக்கும் 10 கொடுக்கிறார்கள். எதற்கும் தயாராகாத துணையோடு போவதைவிடத் தனியாகப் போனால் புள்ளி கூடுதல்! அதற்காகக் கல்யாணத்தை மறைக்கலாமா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். அதற்குப் பதில் ஏஜென்ட் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

கூட வர்றவங்க அங்க வேலை பார்க்கலாமா?

இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். பி.ஆரோடு போனால் பிரச்சினை இல்லை, இருவருக்கும் ஒரே உரிமை. தற்காலிக விசாவில் போனால் நாட்டுக்கு நாடு, விசாவுக்கு விசா மாறும்.

ஜெர்மனியில் ப்ளூ கார்டு வாங்கியவரின் துணை, போவதற்கு முன் ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டியதில்லை, போன நாளிலிருந்து எந்த வேலையும் பார்க்கலாம். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாக்காரரின் துணை எச்-4 என்ற துணைக்கான விசாவில் வந்து சும்மாதான் இருக்க வேண்டும். முதன்மையானவரின் கிரீன் கார்டு மனு ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் வேலை அனுமதி கேட்கலாம், அந்த வழியும் 2015 மே மாதத்தில்தான் வந்தது. கனடா 2025 ஜனவரி 21 முதல் இதை இறுக்கிவிட்டது. முதன்மையானவர் உயர்திறன் வேலையிலோ, ஆள் பற்றாக்குறை உள்ள சில வேலைகளிலோ இருக்க வேண்டும், அவருடைய அனுமதியில் குறைந்தது 16 மாதம் மிச்சமிருக்க வேண்டும்.

பிரிட்டனில் துணையைக் கூட்டிப்போவதற்கே தடை வந்தது. 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு தவிர மற்ற மாணவர்களுக்கும், அதே வருடம் மார்ச் 11 முதல் புதிதாக வரும் பராமரிப்புப் பணியாளர்களுக்கும். "நான் படிக்கப் போகிறேன், நீ பின்னாலேயே வந்து வேலை பார்" என்று பழைய திட்டத்தோடு இன்னமும் சிலர் வருகிறார்கள். அந்தக் கதவு மூடி நாளாகிறது.

வேலை அனுமதி இருந்தா போதும்ல, வேலை கிடைச்சிடும்ல?

எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அனுமதி அட்டை பர்ஸில் இருந்தது, வேலைதான் இல்லை. "உள்ளூர் அனுபவம்" என்ற இரண்டு வார்த்தையை அந்த மாதங்களில் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. மதியம் பதினொன்றரைக்குப் படிக்கட்டில் தபால்காரரின் சத்தம் கேட்டால் கதவருகே போய் நிற்பேன், கடிதம் எதையும் எதிர்பார்த்து அல்ல, அன்றைக்கு யாரிடமாவது ஒரு வார்த்தை பேசியாக வேண்டும் என்பதற்காக.

உங்கள் தொழில் உரிமம் தேவைப்படும் தொழிலா என்று முதலில் பாருங்கள். மருத்துவர், நர்ஸ், பல் மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர், சில வகைப் பொறியாளர்கள் எல்லாம் பட்டத்தை மட்டும் காட்டி வேலை பார்க்க முடியாது. பிரிட்டனுக்குப் போகும் மருத்துவர் பெரும்பாலும் பிளாப் எழுத வேண்டும், அமெரிக்காவுக்கு யுஎஸ்எம்எல்இ. இந்தத் தேர்வுகளின் முதல் பகுதியையாவது கிளம்பும் முன்பே முடிக்கப் பாருங்கள். மென்பொருள், கணக்கு, வடிவமைப்பு மாதிரி உரிமம் தேவைப்படாத வேலைகளில் உள்ளவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். வழக்கறிஞர்கள்தான் பாவம், சட்டமே மாறிவிடுகிறது. கூட வருபவர் வழக்கறிஞர் என்றால் அவர் தொழிலையே புதிதாகத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

ஐஈஎல்டிஎஸ் ரெண்டு பேருமே எழுதணுமா? எப்ப எழுதறது?

இந்த ஆங்கிலத் தேர்வு கட்டாயமா என்பது விசாவைப் பொறுத்தது. மேலே புள்ளிக் கணக்கில் சொன்ன காரணத்துக்காகவே இருவரும் எழுதிவிடுவது நல்லது. மதிப்பெண் 2 வருடம்தான் செல்லும். முன்கூட்டியே எழுதிவிட்டு மற்ற காகிதங்களுக்குக் காத்திருந்தால் தேர்வு காலாவதியாகிவிடும். படிப்புச் சான்றை மதிப்பிட முதலில் கொடுத்துவிட்டு, அது வரும் நேரத்தில் தேர்வு எழுதுங்கள். கனடாவுக்கான படிப்பு மதிப்பீடு 5 வருடம் செல்லும்.

சம்பளத்தை நம்ம பணத்துக்கு மாத்திப் பார்த்தா தலை சுத்துதே!

சுற்றத்தான் செய்யும். சம்பாதிப்பதும் அந்த ஊர்ப் பணம், செலவழிப்பதும் அந்த ஊர்ப் பணம். மிச்சம் பிடித்து அனுப்புவதற்கு மட்டும்தான் மாற்று விகிதம் பொருந்தும். கடிதத்தில் போட்டிருக்கும் சம்பளம் பிடித்தம் போவதற்கு முந்தையது. வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் போய்க் கைக்கு வருவது என்ன என்று அந்த நாட்டுச் சம்பளக் கணிப்பானில் போட்டுப் பாருங்கள். அதிலிருந்து வேலை இருக்கும் நகரத்தின் வீட்டு வாடகையைக் கழியுங்கள். நாட்டின் சராசரி வாடகை எதற்கும் உதவாது.

அப்புறம் முக்கியமான சோதனை: இந்தக் கணக்கை ஒரு சம்பளத்தில் போடுங்கள். இப்போது இருவரும் சம்பாதிக்கிறீர்கள். அங்கே முதல் வருடம் ஒருவர்தான் சம்பாதிப்பார் என்று எடுத்துக்கொள்ளுங்கள், என் பதினான்கு மாதம் ஒன்றும் அபூர்வமில்லை. ஒற்றைச் சம்பளத்தில் கணக்கு இடித்தால், கிளம்புவதை ஒத்திப்போடுவது கோழைத்தனம் ஆகாது. சின்னக் குழந்தை இருந்தால் காப்பகச் செலவையும் சேருங்கள். சில நாடுகளில் அது இரண்டாவது சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

கையில எவ்வளவு வச்சிக்கிட்டுக் கிளம்பணும்?

விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை ஒன்று, உண்மையில் தேவைப்படும் தொகை வேறு. முதலாவது அரசின் தளத்தில் இருக்கும். கனடாவில் வேலை கையில் இல்லாமல் புள்ளி வழியில் போகிறவர் குடும்ப அளவுக்கு ஏற்ப நிதி காட்ட வேண்டும், துணை உடன் வராவிட்டாலும் அவரைச் சேர்த்துத்தான் கணக்கு. கடன் வாங்கிய பணத்தைக் காட்டக் கூடாது. பிரிட்டனில் விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து. இருவருக்கு மூன்று வருடம் என்றால் 6,210 பவுண்டு, விமானம் ஏறும் முன்பே போய்விடும்.

உண்மைத் தேவைக்கு, வீட்டு முன்பணம் போக ஆறு மாதச் செலவு என்று நான் சொல்வேன். போய் இறங்கும்போது உங்களுக்குக் கடன் வரலாறே இருக்காது. ஊரில் எவ்வளவு நாணயமாகக் கடன் கட்டியிருந்தாலும் அங்கே யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர் சில மாத வாடகையை மொத்தமாகக் கேட்டாலும் கேட்பார். இருக்கிற வீட்டை அடமானம் வைத்தோ வட்டிக்கு வாங்கியோ போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வட்டி ஓடிக்கொண்டிருந்தால் பிடிக்காத வேலையை உதற முடியாது, திரும்பவும் முடியாது.

ஏஜென்ட் இல்லாம நாமளே பண்ண முடியுமா?

நேரான வழக்கு என்றால் முடியும். நாங்களே செய்தோம். முன்பு விசா மறுக்கப்பட்டது, பழைய வழக்கு, முந்தைய திருமணத்துக் குழந்தை என்று ஏதாவது சிக்கல் இருந்தால் ஆள் வைத்துக்கொள்ளுங்கள், பதிவு பெற்றவராக. கனடாவில் குடிவரவு ஆலோசகர் கல்லூரியும் ஆஸ்திரேலியாவில் மாரா என்ற பதிவு அமைப்பும் பட்டியல் வைத்திருக்கின்றன. பிரிட்டனில் 2025 ஜனவரியிலிருந்து குடிவரவு ஆலோசனை ஆணையம் என்ற பெயரில் ஓர் அமைப்பு இதைப் பார்க்கிறது. பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

"நூறு சதவீதம் கேரண்டி" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள், விசா கொடுப்பது அவர் இல்லை. வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடமும் அப்படியே. வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே பொது விதியாக இருக்கிறது.

இனி அந்தக் கல்யாணத்தை மறைக்கும் விஷயம். செய்யாதீர்கள். தவறான தகவல் கொடுத்ததாகத் தெரிந்தால் கனடாவில் 5 வருடத் தடை, பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் 10 வருடம் வரை. கனடாவுக்குத் துணையைக் காட்டாமல் போனவர் பின்னால் அவரை ஸ்பான்சர் செய்யும் உரிமையையே இழக்கலாம். படிவத்தை ஏஜென்ட் நிரப்பியிருந்தாலும் கையெழுத்து உங்களுடையதுதான். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் இருவரும் படியுங்கள்.

சான்றிதழ்ல பேர்ல ஒரு எழுத்து மாறியிருக்கு. பெரிய விஷயமா?

எங்கள் திருமணச் சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்து கூடுதல். எழுதிய அலுவலகத்தின் தவறுதான், நானும் அதைப் பார்க்காமல் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தேன். அந்த ஒரு எழுத்துக்கு மூன்று மாதம் போனது. பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, பட்டம், திருமணச் சான்று நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒருவர் எழுத்து எழுத்தாகப் படிக்க மற்றவர் சரிபாருங்கள். இதை இன்று ராத்திரியே செய்யலாம்.

வெளிநாட்டில் செல்லுபடியாகச் சில சான்றுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது சான்று அசல்தான் என்று அரசு போடும் முத்திரை, கேட்பார்கள். 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இரண்டு நாடும் இருந்தால் அந்த ஒரு முத்திரை போதும். இல்லையென்றால் தூதரகம் வரை போய் அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டும். பெயரைத் திருத்திய பிறகு முத்திரை வாங்குங்கள், மாற்றிச் செய்தால் இரட்டை வேலை.

நாங்க கல்யாணம் பண்ணிக்கலை, சேர்ந்துதான் இருக்கோம். ஜோடியா ஏத்துப்பாங்களா?

கனடாவில் 12 மாதம் தொடர்ந்து ஒன்றாக வாழ்ந்ததற்கு ஆதாரம் இருந்தால் ஏற்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் பொதுவாக 12 மாதம். பிரிட்டனில் திருமணம் போன்ற உறவு 2 வருடமாவது இருக்க வேண்டும். அமெரிக்காவின் எச்-4, ஜெர்மனியின் குடும்ப விசா ஆகியவற்றுக்குச் சட்டப்படியான பதிவு தேவை. இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வந்த பில்கள்தான் ஆதாரம். சேர்ந்து எடுத்த போட்டோக்களை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒருத்தர் முதல்ல போய் செட்டில் ஆகி, அப்புறம் இன்னொருத்தர் போனா நல்லதுதானே?

செலவு குறையும், இங்கே ஒரு சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் தேதி போட்டுக்கொண்டு பிரியுங்கள். "செட்டில் ஆனதும்" என்பது தேதி இல்லை. வீடு பார்த்ததும், கார் வாங்கியதும், ப்ரோபேஷன் முடிந்ததும் என்று அது நகர்ந்துகொண்டே போகும். எனக்குத் தெரிந்த ஒரு ஜோடிக்கு நான்கு மாதம் என்று தொடங்கியது இரண்டரை வருடம் ஆனது. ஆறு மாதத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பின்னால் வருபவரின் விசாவையும் முதலாமவரின் விசாவோடே சேர்த்து வாங்க முடிகிறதா என்று பாருங்கள். மேலே பிரிட்டன், கனடா பற்றிச் சொன்ன மாதிரி இடையில் விதி மாறிவிட்டால் ஆள் அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம்.

அவருக்கு ரொம்ப ஆசை. எனக்கு அவ்வளவா இஷ்டமில்லை. என்ன பண்றது?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் போனை வைக்கும் நேரத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். இஷ்டமில்லை என்பதை விசா வந்த பிறகு சொல்வதைவிட இப்போது சொல்வது இருவருக்கும் நல்லது. "சரி, உங்க இஷ்டம்" என்பது சம்மதம் இல்லை. அங்கே போய் ஒவ்வொரு கஷ்டத்திலும் அது "நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க" என்று திரும்பி வரும். நானே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் அவள் பதில் பேசவில்லை, அது இன்னும் மோசம்.

இஷ்டமில்லை என்பதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தொழில் போய்விடும் என்ற பயமென்றால், உரிமத் தேர்வைப் பற்றி மேலே சொன்னதை வைத்துத் திட்டம் போடலாம். பெற்றோர் கவலையென்றால் அதற்கு அடுத்த பதில். இருக்கும் வாழ்க்கையே பிடித்திருக்கிறது என்றால் அதுவும் நியாயமான காரணம்தான், அதற்கு விளக்கம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. போவதென்றே முடிவானால், பின்தொடர்பவருக்கு ஒன்றை எழுதிக் கொடுங்கள்: இரண்டு வருடம் கழித்து அவர் "திரும்பலாம்" என்றால் அந்தப் பேச்சு உண்மையாக நடக்கும் என்று. அவர் பெயரில் தனி வங்கிக் கணக்கும் அதில் திரும்பும் டிக்கெட்டுக்கான பணமும் முதல் மாதமே இருக்கட்டும். என் மனைவி அதைச் செய்தாள். நான் அந்தப் பணத்தை எடுக்கவே இல்லை, ஆனால் இருக்கிறது என்பதால் தூக்கம் வந்தது.

அப்பா அம்மாவை அப்புறமா கூட்டிக்கலாம்ல?

பெரும்பாலும் முடியாது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. ஆஸ்திரேலியாவில் குறைந்த கட்டணப் பெற்றோர் விசாவுக்குப் புதிதாக வரிசையில் நின்றால் சுமார் 30 வருடம் ஆகும் என்று அரசே சொல்கிறது. கனடாவில் பெற்றோரை நிரந்தரமாக அழைக்க, 2020-இல் பெயர் கொடுத்தவர்களிலிருந்துதான் 2025 வரையிலும் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டனில் முதியவருக்கு அன்றாடக் காரியத்துக்கே ஆள் வேண்டும், அந்த உதவி சொந்த நாட்டில் கிடைக்காது அல்லது கட்டுப்படியாகாது என்று நிரூபிக்க வேண்டும். ஜெர்மனி மட்டும், 2024 மார்ச் 1-க்குப் பின் முதன்முறை அனுமதி பெற்ற திறன் பணியாளர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. அங்கே முட்டுக்கட்டை மருத்துவக் காப்பீடு.

வந்து பார்த்துவிட்டுப் போவது வேறு. கனடாவின் சூப்பர் விசாவில் ஒருமுறை வந்தால் 5 வருடம் வரை தங்கலாம், காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஆனால் அதில் வரும் பெற்றோர் நான்காவது மாதமே "எப்ப டிக்கெட் போடறே" என்று கேட்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே கிளம்பும் முன் பேச வேண்டியது இதுதான்: நள்ளிரவில் அவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் யார் கதவைத் தட்டுவார்கள்? உடன்பிறந்தவர்களா, பக்கத்து வீட்டுக்காரரா, சம்பளத்துக்கு வைத்த ஆளா? அந்தப் பெயரும் நம்பரும் கையில் இருக்க வேண்டும். எங்கள் இருவரின் சேமிப்பிலும் அவசர டிக்கெட்டுக்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருக்கிறோம். இதுவரை மூன்று முறை உதவியது. மூன்றாவது முறை நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

குழந்தை அங்க பிறந்தா அந்த நாட்டுக் குடியுரிமை தானா வந்துடுமா?

கனடாவில் வரும். அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்து வந்தது, தற்காலிக விசாக்காரர்களின் குழந்தைகளுக்கு அதை மறுக்கும் ஆணை 2025-இல் வந்து நீதிமன்றம் ஏறியது. பிரிட்டனில் 1983 முதலும் ஆஸ்திரேலியாவில் 1986 முதலும், பெற்றோரில் ஒருவராவது அந்த நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். ஜெர்மனியில் பெற்றோரில் ஒருவர் 5 வருடம் சட்டப்படி வாழ்ந்து நிரந்தர அனுமதியும் வைத்திருக்க வேண்டும்.

எப்போது பெற்றுக்கொள்வது என்பதில் நான் தலையிடுவதில்லை. ஒன்று மட்டும்: முதல் குழந்தையின் முதல் மூன்று மாதத்தில் உதவிக்கு ஆள் வேண்டும், விசா காரணமாக யாரும் வர முடியாமல் போகலாம். இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்க போன பிறகு நாங்க பிரிஞ்சுட்டா? கேக்கக் கூடாதுதான்...

தாராளமாகக் கேட்கலாம், கேட்பவர்கள்தான் குறைவு. பி.ஆர். வாங்கிவிட்டால் பொதுவாக அவரவர் உரிமை அவரவருக்கு. டிபெண்டன்ட் விசா, அதாவது துணையைச் சார்ந்து வாங்கிய விசா, என்றால் உறவு முடிந்ததும் விசாவின் அடிப்படையே போய்விடும். எச்-4 விவாகரத்தோடு முடியும். ஜெர்மனியில் அங்கே 3 வருடம் மணவாழ்வு நடத்தியிருந்தால் துணைக்குத் தனி அனுமதி கிடைக்கும். வன்முறை போன்ற கடும் நிலைகளில் அதற்கு முன்பும் கிடைக்கும். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் பல நாடுகளில் தனி ஏற்பாடு உண்டு. விசா போய்விடும் என்று பயந்து அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, நேராக ஒரு குடிவரவு வழக்கறிஞரையோ உதவி அமைப்பையோ பாருங்கள். பாஸ்போர்ட்டை எப்போதும் அவரவரே வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை இருந்தால் இன்னொன்று. மற்றவர் சம்மதம் இல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சொந்த நாட்டுக்குத் திரும்புவது, இரண்டு நாடும் குழந்தைக் கடத்தல் பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இருந்தால், கடத்தலாகக் கருதப்படலாம். குழந்தையைத் திருப்பி அனுப்ப நீதிமன்றம் சொல்லலாம். "என் பிள்ளைதானே" என்பது அங்கே எடுபடாது.

பிடிக்கலைன்னா திரும்பி வந்துடலாம்ல?

வரலாம், நிறையப் பேர் வருகிறார்கள். வெளிநாட்டில் குடியேறியவர்களில் 20 முதல் 50 சதவீதம் வரை ஐந்து வருடத்துக்குள் அந்த நாட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்று வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2008-இல் கணக்கிட்டது. திரும்பியவர்களைத் தோற்றவர்களாகப் பார்ப்பது வேடிக்கையான பழக்கம். போகிறவர்கள் செய்யக்கூடியது, திரும்பும் வழியை மண் மூடாமல் வைத்திருப்பது: பழைய நிறுவனத்தில் நோட்டீஸ் பீரியட் முடித்து நல்லபடியாக விலகுவது, தொழில் உரிமத்தைக் காலாவதியாக விடாமல் புதுப்பிப்பது. திரும்பினாலும் பி.ஆரை வைத்துக்கொள்ள நினைத்தால் 730 நாள் மாதிரியான கணக்கை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பாஸ்போர்ட் முத்திரையை வைத்து அப்புறம் எண்ணுவது பெரும்பாடு.

இரண்டு வருடம் என்று சொன்னேனே, நாங்கள் அதை வருடம் ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டோம். வந்திறங்கிய தேதி அன்று ஆளுக்கு ஒரு தாள், அதே கேள்வி: இருக்கலாமா, போகலாமா? ஆறாவது வருடம் இருவருமே "போகலாம்" என்று எழுதியிருந்தோம். மறுநாள் டிக்கெட் விலைகூடப் பார்த்தோம். அந்த வாரமே எனக்கு வேலையில் பதவி உயர்வு வந்து பேச்சு தள்ளிப்போனது. இந்த வருடத் தேதி அடுத்த மாதம் வருகிறது.